மர்பி டவுன் வீட்டின் மேற்குச் சுவர்

மர்பி டவுன், பெங்களூரு
16 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி தமயந்தி வணக்கத்தோடு எழுதுகிறேன். நானும் அனுஷாவும் வெயிலில் வாடினாலும் விழாமல் இருக்கிறோம். ஜோலார்பேட்டையில் உங்கள் முழங்கால் வலி தேவலையா? நரேஷும் பிள்ளைகளும் சௌக்கியமா?

போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. உங்கள் மகன் நடுவில் நின்று கத்திச் சொன்னால் பேச்சு பாதி அவனுடையதாகிவிடுகிறது. அதனால்தான் பேனா எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் வந்தார். நீங்களும் உங்கள் தம்பிகளும் பிறந்து வளர்ந்த இந்த வீட்டை இடித்து, நாலு மாடி கட்ட ஒரு பில்டரிடம் பேசி முடித்துவிட்டாராம். கையில் பத்திரம். வந்தவர் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே பேசினார்.

"அண்ணி, இது வீடா, தோசைக்கல்லா? அண்ணன் போனதுக்கப்புறம் உங்களையும் புள்ளையையும் இதுல போட்டு வேக வைக்க எனக்கு மனசு வரல. ஆளுக்கொரு மாடி, கீழ வாடகை. பெரியக்கா கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி."

"தோசைக்கல்லுன்னா நாங்க தோசை சுட்டுத் தின்னுக்கறோம். பேப்பரை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை, தெரியும். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் அவருடைய ஃப்ளாட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஏ.சி. நின்றால் ஐந்து நிமிடம் யாராலும் அங்கே உட்கார முடியாது. அதே மாதிரி நாலு கூண்டை இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு எனக்கு நல்லது செய்ததாகச் சொல்வாரா? இந்த வீட்டில் சூடு இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓட்டின் கீழே மத்தியானம் உட்கார்ந்தால் தலை கொதிக்கிறது. அதற்காக வீட்டையே சாகடிக்க வேண்டுமா?

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் நிஜமாகவே கையெழுத்துப் போட்டீர்களா? அல்லது கோவிந்தன் என்னை மடக்கச் சொன்ன பொய்யா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தமயந்தி


ஜோலார்பேட்டை
27 ஏப்ரல் 2024

தமயந்திக்கு அலர்மேல்மங்கையின் ஆசி.

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. கோவிந்தன் கேட்டதும் போட்டேன். இன்னும் முன்னாலேயே கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். அந்த வீடு இடிபடட்டும். அதைப் பற்றி எனக்கு எழுதாதே.

நீ கண்டக்டர் வேலையில் நாள் முழுக்க நிற்கிறாய். கால் வீங்காமல் பார்த்துக்கொள். அனுஷா எந்த அறையில் படுக்கிறாள்?

அலர்மேல்மங்கை


மர்பி டவுன்
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நேற்று ஒரு மழை அடித்து ஓடு கொஞ்சம் ஆறியிருக்கிறது. உங்கள் பக்கம் மழை உண்டா? உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்களா?

வீட்டைப் பற்றி எழுதாதே என்றீர்கள். மன்னியுங்கள், எழுதத்தான் போகிறேன். உங்கள் தம்பி இந்த ஹாலில்தான் மூச்சுத் திணறிக் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையைப் பிடித்திருந்தார். அவர் போன பிறகு இந்தக் கூரையின் கீழே நான் மூன்று வருஷமாக ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இடிப்பதற்கு உங்களுக்குக் காரணம் இருந்தால் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் போட்ட கையெழுத்துக்கு நான் கட்டுப்பட மாட்டேன்.

ஒரு விஷயம் நடந்தது. சிவாஜிநகரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் என் பஸ்ஸில் வீணா என்று ஒரு கன்னடப் பெண் தினமும் வருவாள். போன வாரம் டார்ச் மாதிரி ஒரு கருவியை பஸ்ஸின் கூரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மொதலு டிக்கெட் தகொள்ளி", முதலில் டிக்கெட்டை வாங்குங்கள் என்று கன்னடத்திலேயே அதட்டினேன். பெண்களுக்கு இலவசம் என்றாலும் டிக்கெட் கிழிக்காமல் விட மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கருவியை என்னிடம் நீட்டினாள். பஸ் கூரை சிவப்பாகத் தெரிந்தது, ஜன்னலோரம் மஞ்சள், என் கை ஆரஞ்சு. எங்கே எவ்வளவு சூடு என்று நிறத்தில் காட்டுகிற கேமராவாம் அது. பெரிய ஆபீஸ்களில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. பழைய ஓட்டு வீடுகளையும் அப்படிச் சோதித்துப் பார்க்க ஆசை, ஆனால் யாரும் உள்ளே விடுவதில்லை என்றாள்.

"எங்க வீட்டுக்கு வா" என்றேன். வீடு கெட்டுப்போனதா, நாம் கெடுத்து வைத்திருக்கிறோமா என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு கோவிந்தனோடு பேசிக்கொள்கிறேன்.

அனுஷா பின்னறையில்தான் படுக்கிறாள். பி.யூ.சி. இரண்டாம் வருஷம், படிக்க ஒரு கதவு வேண்டும் என்கிறாள். கதவு இருக்கிற ஒரே தனி அறை அதுதான். ஏன் கேட்டீர்கள்?

தமயந்தி


ஜோலார்பேட்டை
23 மே 2024

தமயந்தி,

பிள்ளையை முன் ஹாலுக்கு மாற்று. மழைக் காலம் வருவதற்குள் மாற்று. என் பேச்சை இது ஒன்றிலாவது கேள்.

அலர்மேல்மங்கை


மர்பி டவுன்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குறை ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் மூன்று வரி இருந்தது. அதில் ஒன்றுகூட ஏன் என்று சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்றுகூட உங்கள் அம்மா சொல்வார். அப்போது கேட்டேன். இப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து என் பெண்ணை எங்கே படுக்க வைப்பது என்று முடிவு செய்யக்கூட உரிமை இல்லையா? காரணத்தைச் சொல்லுங்கள், நியாயமாக இருந்தால் அன்றைக்கே கட்டிலைத் தூக்குகிறேன். அதுவரை அவள் அங்கேதான் படுப்பாள்.

வீணா வந்தாள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடந்தாள். காற்று எங்கே போகிறது என்று பார்க்கிற வழியாம். ஹாலில் புகை நேராக மேலே ஏறி, என் வீட்டுக்காரர் போட்ட பொய்க்கூரையில் முட்டி, அங்கேயே படர்ந்து நின்றது. "ஓட்டோட சூடு எல்லாம் இந்தப் பலகைக்கு மேல தங்கிடுது, வெளிய போக வழியே இல்லா" என்றாள். சுவருக்கு மேலே இருந்த வெண்டிலேட்டர்களைப் புறாத் தொல்லைக்காக சிமெண்ட் வைத்து அடைத்ததும் அவர்தான். நான்தான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கேமராவில் பார்த்தேன் அக்கா. ஓடு கருஞ்சிவப்பு. ஆனால் முன் வீட்டுச் சுவர்கள் அந்த மத்தியான வெயிலிலும் நீலம். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், வெயிலை உள்ளே விடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து கோவிந்தன் வந்து நின்றார்.

"யாரும்மா நீ? சுவத்துக்கு ஜுரம் பாக்குறியா?"

"ஹௌது, பாக்குறேன் சார். சுவத்துக்கு ஜுரம் இல்லா. ஓட்டுக்குத்தான் இருக்கு."

"அப்போ இடிக்க வேண்டியதுதானே?"

"ஜுரம் வந்தா மருந்து குடுப்பாங்க சார். யாராவது ஆளைப் புதைப்பாங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அண்ணி, நீங்க விளையாடுறீங்க. பில்டர் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டான். அப்புறம் நான் கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

போகட்டும். பொய்க்கூரையை அடுத்த வார லீவில் நானே பிரிக்கப் போகிறேன். வீணா ஒவ்வொரு அறையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சூடும் ஈரமும் மணிக்கு மணி அதில் பதிவாகுமாம். பின்னறையிலும் ஒன்று இருக்கிறது.

பதில் எழுதுங்கள். இந்த முறை காரணத்தோடு.

தமயந்தி


மர்பி டவுன்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. ஜூலை முழுக்க தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு உடம்பு ஒன்றும் இல்லையே என்று நரேஷுக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, உங்க லெட்டரைத் தலையணைக்குக் கீழ வச்சிருக்காங்க" என்றான்.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. அனுஷாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நேற்றுத்தான் அழைத்து வந்தேன்.

மழை பிடித்ததிலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள். பின்னறையில் சட்டைகூடக் காய்வதில்லை என்று ஒரு ஹீட்டர் வாங்கி வைத்தேன். அது எரிய எரிய அறை இன்னும் புழுங்கிற்று. இலவச கரண்ட் இருநூறு யூனிட்டோடு நின்றுவிடும் என்பது தெரிந்தும் பிள்ளைக்காகப் போட்டேன். ஒரு நாள் காலையில் எழுப்பப் போனால் அவளால் பேச முடியவில்லை. விலா எலும்பு தெரியத் தெரிய மூச்சு இழுத்தாள். அவள் அப்பாவை அப்படிப் பார்த்தவள் நான். ஆட்டோ பிடித்து மடியில் போட்டுக்கொண்டு ஓடினேன். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள்தான் சிரித்தாள்.

"வீட்டுல ஈரம் இருக்கா?" டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

வீணா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். பின்னறைக் கருவியில் பதிவானதைக் காட்டினாள். ஜூன் நடுவிலிருந்து ஒரு நாள்கூட அந்த அறை காயவில்லை. வீட்டுக்கு வந்து மேற்குச் சுவரில் ஈரம் பார்க்கிற ஊசி மாதிரி ஒன்றைக் குத்தினாள். அது கீச்சிட்டுக் கத்தியது. கேமராவில் அந்தச் சுவர் இடுப்பு உயரம் வரை கரு ஊதா நிறம். அவ்வளவு குளிர், அவ்வளவு ஈரம். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் பெண்ணின் கட்டில் கிடந்தது.

கட்டிலைத் தூக்கிவிட்டேன். கதவில்லாத என் அறைக்குத் திரை மாட்டி அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் ஹாலில் படுக்கிறேன்.

அக்கா, மே மாதமே மாற்றச் சொன்னீர்கள். மழை வருவதற்குள் என்று சொன்னீர்கள். எந்தக் கேமராவும் இல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இப்போதும் சொல்லாவிட்டால் நான் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்பேன்.

தமயந்தி


ஜோலார்பேட்டை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

குழந்தை பிழைத்து வந்தாள் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. அவளுக்கு வெந்நீரையே கொடு. ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய் என்பதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லிப் பழக்கம் இல்லை.

நரேஷுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். இது உனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரனுக்கு அப்போது பத்துப் பதினோரு வயசு. அவனும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அம்மா நிறுத்திவிட்டாள்.

இருபத்தோரு வயசில் தலைப்பிரசவத்துக்கு மர்பி டவுன் வந்தேன். நல்ல மழைக் காலம். அப்பா அந்தப் பின்னறையைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார். தீட்டு என்று என்னையும் குழந்தையையும் அதில் விட்டார்கள். சுவரைத் தொட்டால் கை நனையும். "புதுச் சுவர், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கோதை என்று பெயர் வைத்தோம். தொட்டிலை அந்தச் சுவர்ப் பக்கம் கட்டினார்கள்.

அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நீ எழுதியிருக்கிறாயே, விலா எலும்பு தெரிய என்று. அதேதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்றையே சொன்னாள். "ஈரத் தலையோட பால் குடுத்தா. சொன்னா கேக்கல. பச்சப் புள்ள நெஞ்சுல குளிர் எறங்கிடுச்சு." என் மாமியார் அதைக் கேட்டுக்கொண்டுபோய், சாகும்வரை வைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கும் தலைக்குக் குளித்தால் முடி காயும்வரை நான் எந்தப் பிள்ளையையும் தொட மாட்டேன். நரேஷின் பிள்ளைகள் ஓடிவந்தால் கையை நீட்டித் தடுப்பேன். கிழவிக்குச் சுத்தம் அதிகம் என்று மருமகள் நினைத்துக்கொள்கிறாள்.

அதன்பிறகு நான் அந்த வீட்டுக்கு வந்தால் காலையில் வந்து சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. கோவிந்தன் பத்திரத்தை நீட்டியபோது நாலு மாடியை நான் நினைக்கவே இல்லை. அந்த அறை இருக்காது என்று மட்டும் நினைத்தேன்.

அனுஷா அங்கே படுக்கிறாள் என்று எழுதினாய். காரணத்தைச் சொன்னால் அதோடு என் தப்பையும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அலர்மேல்மங்கை


மர்பி டவுன்
1 செப்டம்பர் 2024

என் அக்காவுக்கு,

அனுஷா தேறிவிட்டாள். காலேஜ் போகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை டெப்போவில் வைத்துப் படித்தேன். அடுத்த ட்ரிப்புக்கு விசில் கொடுத்தது என் காதில் விழவே இல்லை, டிரைவர் வந்து தோளைத் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீணாவைக் கூப்பிட்டு, "இந்தச் சுவர் எப்போதிலிருந்து ஈரம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. கொத்தனார் கிருஷ்ணப்பாவும் வந்திருந்தார். மேற்குச் சுவரில் கட்டிலுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் கொத்தினார்கள். மேலே எண்ணெய்ப் பெயிண்ட், அதன் கீழே சிமெண்ட் பூச்சு, அதன் கீழே இன்னொரு பெயிண்ட், இன்னொரு பூச்சு. ஒவ்வொரு அடுக்கும் உப்பிப்போய், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. கடைசியில் கல்பலகை, சுவரே அதுதான். அதில் விரல் வைத்தால் தண்ணீர்.

கீழே தோண்டிப் பார்த்தார்கள். அஸ்திவாரத்தைப் பின்சந்தின் மட்டத்துக்கும் கீழே போட்டிருக்கிறார்கள். பின்வீட்டுத் துவைக்கல்லின் சாக்கடை அதை உரசிக்கொண்டு போகிறது. சந்துத் தண்ணீர் எல்லாம் அந்தச் சுவருக்குத்தான் வருகிறது. மேலே சிமெண்டும் பெயிண்டும் பூசியதால் ஏறிய ஈரம் வெளியே போகவும் வழியில்லை. வெயிலும் படுவதில்லை. ஹீட்டர் வைத்தால் அந்த ஈரமெல்லாம் மூச்சுக் காற்றில்தான் வந்து சேரும்.

வீணா டாக்டர் இல்லை. அவள் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான். "அக்கா, இந்தச் சுவர் கட்டின நாள்லேந்தே ஈரம். ஒரு நாளும் காஞ்சிருக்காது."

ஈரம் உங்கள் தலையில் இல்லை அக்கா. சுவரில் இருந்தது. இருபத்தோரு வயதுப் பெண்ணைக் குழந்தையோடு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தவர்கள், அந்தப் பழியை அவள் முடியில் கட்டிவிட்டார்கள். அத்தை உயிரோடு இருந்தால் நான் நேரிலேயே கேட்டிருப்பேன்.

வீணா இன்னொன்றும் சொன்னாள். முன் வீட்டின் பின்பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள் உண்டு, உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றை மறைத்துத்தான் அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது இரண்டின் முன்னாலும் பீரோ நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று ஹாலுக்குள் நுழைய வேண்டிய வழியே அதுதான். அந்த அறை தானும் நனைந்து கிடக்கிறது, முன் வீட்டையும் வேக வைக்கிறது.

எனக்கு அந்த அறை வேண்டும் என்று இருந்தது. அனுஷா வேலைக்குப் போன பிறகு வாடகைக்கு விடலாம் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். இனி வேண்டாம். முன் வீடு நிற்கட்டும், பின்னறை போகட்டும். வெண்டிலேட்டர்களைத் திறந்து வலை அடித்து, ஓட்டுக்குக் கீழே சூடு தடுக்கும் தாள் ஒட்டி, கெட்டுப்போன இடங்களில் சிமெண்டைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசினால் போதும் என்கிறாள் வீணா.

கோவிந்தனிடம் சொன்னேன். "ஒரு செங்கல்லைத் தொட்டீங்கன்னா கேஸ் போடுவேன். மூணு பேர்ல ரெண்டு பேர் எங்க பக்கம்" என்றார்.

அந்த இரண்டில் நீங்கள் ஒருவர். என்ன செய்யப் போகிறீர்கள்?

உங்கள் தமயந்தி


ஜோலார்பேட்டை
20 அக்டோபர் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் வர நாளாயிற்று, இப்போது வருகிறது. அனுஷாவுக்கு என் முத்தம்.

உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. முதலில் நரேஷிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெளியே போனான். திரும்பி வந்து, "அப்பாவுக்குத் தெரியுமாம்மா, உன் மேல தப்பில்லைன்னு?" என்றான். தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதில்லை என்றேன்.

எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நினைக்காதே. கோபமாக இருக்கிறது. அழுது தீர்த்திருக்க வேண்டிய வயசில் வாயை மூடிக்கொண்டு தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அம்மா, மாமியார், என் வீட்டுக்காரர், மூன்று பேரும் போய்விட்டார்கள். இந்தக் கோபத்தை யாரிடம் கொடுப்பது?

கோவிந்தனுக்கு எழுதிவிட்டேன், என் கையெழுத்து இனிச் செல்லாது என்று. போன் செய்து கத்தினான். காது கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

உன் முன் வீட்டின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது என்று எண்ணாதே. நீ அதைக் காப்பாற்றிக்கொள், அது உன் பாடு. எனக்கு அந்த அறைதான் கணக்கு. மழை நிற்கட்டும், மார்கழி முடியட்டும். நான் வந்து சேரும்வரை அங்கே ஒருவரும் கடப்பாரையைத் தூக்கக் கூடாது. கிருஷ்ணப்பாவிடம் சொல்லி வை.

அலர்மேல்மங்கை


மர்பி டவுன், பெங்களூரு
19 ஜனவரி 2025

தம்பி கோவிந்தனுக்கு உன் பெரியக்கா எழுதுவது.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, கை மட்டும் கொப்பளித்திருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பின்னறையை இடித்துவிட்டோம். பக்கத்து வீட்டார் சொல்லி உனக்குத் தெரியவந்திருக்கும். யார் இடித்தது என்பதை நானே சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேரே பின்னால் போனேன். தமயந்தி அறையைக் காலி செய்து வைத்திருந்தாள். உள்ளே போய் நின்றேன். சுவரில் கை வைத்தேன். இந்த மழையில்லாத மாதத்திலும் சில்லென்று இருந்தது. கிருஷ்ணப்பா கடப்பாரையோடு வந்து, "அம்மா, நீங்க தள்ளிக்கங்க, தூசு பறக்கும்" என்றார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தமயந்தி அவரைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள்.

முதல் அடி வழுக்கிவிட்டது. இரண்டாவது அடியில் பூச்சு பெயர்ந்தது. அதன்பிறகு எத்தனை அடித்தேன் என்று தெரியாது. வாய்விட்டுத் திட்டினேன் தம்பி. அம்மாவைத் திட்டினேன், என் மாமியாரைத் திட்டினேன், உன் அத்தானைப் பெயர் சொல்லித் திட்டினேன். சந்தில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் களைத்து உட்கார்ந்ததும் தமயந்தி வாங்கி அடித்தாள், அப்புறம் அனுஷா. பிறகுதான் கிருஷ்ணப்பாவிடம் விட்டோம். மறுநாள் மத்தியானம் கல்பலகைகள் எல்லாம் வெளியே போய்விட்டன.

நரேஷ் உனக்குக் காரணத்தைச் சொன்னானாம். "பழைய கதைக்கு நாலு மாடியை ஏன் கெடுக்கணும்" என்றாயாம். உனக்கு அப்போது ஐந்து வயசு. கோதையின் தொட்டிலை ஆட்டுவது உன் வேலை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே தூங்கிப்போவாய். அவள் போன பிறகும் நீ இரண்டு நாள் காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாய். அம்மா உன்னை அடித்துத்தான் நிறுத்தினாள். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. பழைய கதை என்று இன்னொரு முறை சொல்லாதே.

இப்போது பின் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருக்கின்றன. ஹாலில் பகலில் விளக்குப் போடுவதில்லை. மேலே வெண்டிலேட்டர்களைத் திறந்து வலை அடித்தாயிற்று. ஓட்டுக்குக் கீழே அந்தப் பெண் வீணா சொன்ன தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன் வாசலில் நுழையும் காற்று பின்னால் போவது உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிறது. இருந்தாலும், "ஏப்ரல் வெயில்ல பாத்துட்டுத்தான் ஜெயிச்சோம்னு சொல்லணும்" என்கிறாள் தமயந்தி. மே மாதம் வரை வீணா கருவியை எடுக்க மாட்டாளாம். தோற்றால் அதையும் தமயந்தி உனக்கு எழுதுவாள், பயப்படாதே. ஒளிக்கத் தெரியாதவள்.

நான் ஹாலில் தமயந்திக்குப் பக்கத்தில் படுக்கிறேன். நான்கு ராத்திரி ஆயிற்று. முதல் ராத்திரி தூங்கவில்லை.

நீ கேஸ் போடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். போடு. உனக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு, அதை நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த முன் வீட்டை இடிக்க எங்கள் இரண்டு பேர் கையும் எழுதாது. வக்கீலோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, ஒரு தடவை வந்து பின்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போ. அதற்குப் பிறகும் கோர்ட்டுக்குப் போகத் தோன்றினால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு. கோதை என்று ஒருத்தி இருந்தாள், அவளை நான் கொல்லவில்லை என்று ஜட்ஜ் முன்னால் நின்று உரக்கச் சொல்கிறேன்.

உன் அக்கா,
அலர்மேல்மங்கை